மிக்ஸியை மூடி வையுங்கள்: எட்டு மாதக் குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு பழக்கும் முறை

மூத்தவளுக்கு ஒரு வயது முடியும்வரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே கொடுத்தேன். சோறு, பருப்பு, கேரட், கீரை என்று எதைப் போட்டாலும் கடைசியில் போஸ்டர் ஒட்டும் பசை போல ஒரே பதத்தில் வரும். அவளும் வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் சோற்றுப் பருக்கை ஒன்று நாக்கில் பட்டதும் குமட்டி, அதற்கு முன் தின்றதையும் சேர்த்து என் மடியில் கொட்டினாள். "பிள்ளைக்கு எட்டுப் பல் முளைத்துவிட்டது மக்களே, இன்னும் ஏன் பசை கொடுக்கிறாய்?" என்றார் மாமியார். அப்போது கோபம் வந்தது. அவர் சொன்னதே சரி என்று இரண்டாவது பிள்ளைக்குத்தான் புரிந்தது.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கம். அம்மாவின் வீடு எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே மாநிலம். ஆகவே இங்கே சொல்லும் சாப்பாடு எல்லைக்கு இரு பக்கமும் உள்ளதுதான்: கஞ்சி, பயறு, அவியல், மீன், மட்டி வாழைப்பழம். உங்கள் ஊரில் வேறு இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். ஆறு மாதம் முடிந்ததும் கூழும் மசியலும் தொடங்கி, இப்போது எட்டு மாதத்தைத் தொட்டிருக்கும் குழந்தைகளின் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, உடம்பில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில், குழந்தை தயாரா?

தாங்கிப் பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. பல் முளைத்திருக்க வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவையே இல்லை. ஈறு நாம் நினைப்பதைவிட உறுதியானது. சந்தேகம் இருந்தால் உங்கள் விரலைக் கொடுத்துப் பாருங்கள்.

உட்காரவைக்கும் விதம்

படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஊட்டக் கூடாது. தனி நாற்காலி இல்லையென்றால் தரையில் பாய் விரித்து, உங்கள் சம்மணத்துக்குள் முதுகு நிமிர உட்காரவையுங்கள். நீங்களும் அதே நேரத்தில் சாப்பிடுங்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் காக்காய் காட்டி ஊட்டும் வழக்கம் எங்கள் தெருவில் உண்டு. நானும் செய்திருக்கிறேன். குழந்தை காக்காயைப் பார்க்கும், நாம் வாய்க்குள் திணிப்போம். என்ன தின்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. அலைபேசியைக் காட்டி ஊட்டுவதும் இதே கதைதான்.

மிக்ஸியிலிருந்து விரலுக்கு

முதல் வாரம், அடித்த உணவை விட்டுவிட்டுக் கரண்டியால் மசியுங்கள். அடுத்த வாரம் கையாலேயே பிசையுங்கள். அதற்கடுத்து, பிசைந்ததில் நாலைந்து சிறு கட்டிகளை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். ஒன்பது மாதத்துக்குள் கட்டியும் பருக்கையும் பழகிவிட வேண்டும். பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் பின்னால் சாப்பாட்டில் அடம் கூடும் என்பதை மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள். நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கொடுக்கும் எதையும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தும்போது சிரமமில்லாமல் நசுங்கினால் கொடுக்கலாம். வழுக்கிக்கொண்டு தெறித்தாலோ, நசுங்காமல் நின்றாலோ திரும்ப அடுப்புக்குப் போக வேண்டியதுதான்.

குடும்பப் பானையிலிருந்து எடுத்து வைப்பது

நான் சொல்ல வந்ததே இதைத்தான். குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம். வீட்டுக்குச் சமைக்கும்போது உப்பு, மிளகாய், புளி விழுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் போதும். ஒரு வயதுவரை உப்பு சேர்க்க வேண்டியதில்லை. தாய்ப்பாலிலும் உணவிலும் இயல்பாக உள்ளதே போதும். நமக்குச் சப்பென்று இருப்பது அதற்குச் சப்பென்று இருக்காது.

கஞ்சியும் பயறும்: எங்கள் பக்கத்துச் சிவப்புச் சம்பா அரிசி தடிமன். நமக்கு வெந்த பதம் குழந்தைக்குப் போதாது. நாம் வடித்தபின் ஒரு கரண்டிச் சோற்றை நிறைய நீர் விட்டு இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பருக்கை பூத்து வாய் பிளக்கும். சிறுபயறைத் தோலோடு குழைய வேகவைத்து, தாளிப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிச் சேருங்கள். மேலே அரைத் தேக்கரண்டி நெய் அல்லது தேங்காய் எண்ணெய். குழந்தையின் வயிறு சிறியது. கொஞ்சம் கொழுப்பு இல்லாவிட்டால் வெறும் நீர்தான் நிறையும்.

அவியல்: குழந்தைக்கென்றே கண்டுபிடித்தது போன்ற கறி. தடியங்காய் (வெண்பூசணி), பூசணி, சேனை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) எல்லாம் நீளநீளமாகத்தான் நறுக்குகிறோம், அந்த நீளம் பிஞ்சுக் கையின் பிடிக்குச் சரியாக இருக்கிறது. காய் வெந்ததும், தேங்காய் அரைப்பும் மாங்காயும் சேர்ப்பதற்கு முன் நாலு துண்டு எடுத்து, விரல் சோதனை செய்து தட்டில் வையுங்கள். சேனை அரிக்கும் வகை என்றால் விட்டுவிடுங்கள். முருங்கைக்காயை அப்படியே கொடுக்காதீர்கள், அதன் நார் தொண்டையில் சிக்கும். உள்சதையைக் கரண்டியால் வழித்துக் கஞ்சியில் கலக்கலாம்.

மீன்: எங்கள் குழம்பில் அரைப்பும் புளியும் கொதித்த பிறகுதான் மீன் விழும். அதனால் இங்கே எடுத்து வைக்கும் வித்தை பலிக்காது. ஒரு துண்டில் மஞ்சள் மட்டும் தடவி, காலையில் இட்லி வேகும்போது மேல் தட்டில் வைத்துவிடுவேன். வெந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து முள் எடுக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், சதையைச் சிறுசிறு இதழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய முள் விரலில் குத்தும். அயலை (கானாங்கெளுத்தி) நல்லது, முள்ளும் பெரிதாக இருப்பதால் எளிதில் சிக்கும். சாளையில் (மத்தி) முள் அதிகம், பொறுமை இருந்தால் மட்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கும் சுறாவைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். பெரிய மீனைத் தின்னும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

மீன், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருப்பது நல்லது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர ஆரம்பிக்கும், தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது. சைவ வீடு என்றால் பயறும் முருங்கையிலையும் கொடுத்து, கூடவே நசுக்கிய கொய்யாச் சதையையோ பப்பாளியையோ சேருங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் பிடிக்கவைக்கும்.

கையில் பிடித்துத் தின்ன

மட்டிப்பழத்திலிருந்து தொடங்குங்கள். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே அது பிள்ளைப் பழம். பாதித் தோலை மட்டும் உரித்து மீதியை அப்படியே விட்டால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். உரிப்பதற்கு முன் பழத்தைத் தோலோடு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) வேகவைக்காவிட்டால் சற்று இறுக்கம், அதனால் தோலோடு ஆவியில் வேகவைக்க வேண்டும். தோல் வெடித்து, உள்ளே மஞ்சள் ஆழமானதும் இறக்குங்கள். நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கறுப்புப் பொட்டுகளுடன் ஒரு நரம்பு ஓடும். கரண்டிக் காம்பால் ஒரே இழுப்பில் அதை எடுத்துவிடலாம். என் அம்மச்சி அதை எடுக்காமல் எந்தக் குழந்தைக்கும் கொடுத்ததில்லை. மிஞ்சிய சதையை உங்கள் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி வையுங்கள். மலச்சிக்கல் இருக்கும் நாளில் வேண்டாம்.

இட்லித் துண்டு, இடியாப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி எல்லாம் சரி. புட்டு மட்டும் கவனம். உதிரியாக, உலர்ந்து தொண்டையில் ஒட்டும். பயறு விட்டு நன்றாக நனைத்துப் பிசைந்தே கொடுங்கள்.

ஒன்பது மாதம் வாக்கில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கத் தொடங்கும். அப்போது துண்டைச் சிறிதாக்கலாம். என் இளையவன் ஒரு பயறைப் பொறுக்க அரை நிமிடம் போராடி, எடுத்ததும் வாயை மறந்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

புதியதைச் சேர்க்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. முட்டை, மீன், கப்பலண்டி (வேர்க்கடலை) போன்றவற்றை முதன்முதலில் காலையில் கொஞ்சமாகக் கொடுங்கள். பகல் முழுக்கக் கண்காணிக்கலாம். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும், வெள்ளையும் கொடுக்கலாம். கப்பலண்டியை மாவாக அரைத்துக் கஞ்சியில் கலந்தே கொடுக்க வேண்டும். ஒவ்வாமைக்குப் பயந்து இவற்றை ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடுவது பழைய அறிவுரை. இப்போது அப்படிச் சொல்வதில்லை. உடம்பில் தடிப்போ விடாத வாந்தியோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ 108ஐ அழையுங்கள்.

கொடுக்கவே கூடாதவை

தேன். மார்த்தாண்டம் தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன ஊர். எங்கள் பக்கம் தேன் குப்பி இல்லாத வீடு குறைவு. பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு துளி தொட்டு வைப்பதும் வழக்கம். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரவைக்கும். காய்ச்சினாலும் அவை சாகாது. கலப்படமில்லாத தேனா என்பதல்ல கேள்வி, சுத்தமான தேனிலும் அவை இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். "ஒரு வயது முடியட்டும் மாமி, நீங்களே முதல் துளியை வையுங்கள்" என்று சொன்னேன். எடுபட்டது.

சர்க்கரையும் கருப்பட்டியும் வேண்டாம். கட்டன்சாயாவில் (பால் விடாத தேநீர்) ரஸ்க் நனைத்துக் கொடுப்பதும் வேண்டாம், தேநீர் இரும்புச்சத்தைப் பிடிக்கவிடாது. முழுக் கப்பலண்டி, அண்டிப்பருப்பு (முந்திரி), ஏத்தங்காய் உப்பேரி (வறுவல்), தேங்காய்த் துண்டு, பச்சைக் கேரட் எல்லாம் மூச்சுக்குழலை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்கக் கூடாது. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு வயதுக்கு முன் வைக்காதீர்கள், தயிர் கொடுக்கலாம்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பற்றிக் கேட்பீர்கள். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, எங்களுக்குச் சோறு மாதிரி. ஆனால் அது வயிற்றை நிரப்பும், புரதமோ இரும்போ அதிகம் தராது. நிறைய நீரில் வேகவைத்து வடித்துக்கொட்டிய கிழங்கில் ஒரு விரலளவை மீனோடு பிசைந்து எப்போதாவது கொடுக்கலாம், அதையே சாப்பாடாக்க வேண்டாம்.

குமட்டலும் அடைப்பும்

இரண்டும் வேறு. குமட்டும்போது முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமும், நாக்கு வெளியே தள்ளும். அது குழந்தை தன்னைத்தானே காத்துக்கொள்வது. பதறி விரலை விடாதீர்கள், விட்டால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சத்தமே இல்லாமல், அழவும் முடியாமல் உதடு நீலம் பாய்ந்தால் அது அடைப்பு. யாரையாவது 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி நெஞ்செலும்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை மாறிமாறிச் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே இதய இயக்க மீட்பு முதலுதவி (சி.பி.ஆர்) தொடங்க வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். சாப்பிடும் குழந்தையைத் தனியே விட்டு எழுந்து போகவே கூடாது.

எவ்வளவு, எத்தனை முறை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒன்பது மாதம் முதல் நாளைக்கு 3 அல்லது 4 வேளை, ஒவ்வொன்றிலும் 250 மில்லி கிண்ணத்தில் பாதி. நடுவில் ஒன்றிரண்டு முறை பழம் போல ஏதாவது. தாய்ப்பாலும் தொடரும். இது சராசரி. ஒருநாள் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பினால் அன்று அவ்வளவுதான். கீரையை ஒன்பது முறை துப்பியவன் பத்தாவது முறை தின்பான், என்னிடம் தின்றான். மலத்தில் கேரட் துண்டோ முருங்கையிலையோ அப்படியே வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் எடை ஏறாவிட்டால் அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்து, அட்டையோடு மருத்துவரிடம் போங்கள்.

தரையைப் பற்றி ஒன்று. முதல் மாதம் வாய்க்குள் போவதைவிடப் பாயில் விழுவதுதான் அதிகம். பழைய வேட்டி ஒன்றைக் கீழே விரித்துவிடுங்கள், முடிந்ததும் அப்படியே சுருட்டிக் கொல்லைப்புறத்தில் உதறலாம். எங்கள் வீட்டுக் கோழிகள் இப்போது மதியம் பன்னிரண்டரைக்கே படியோரம் வந்து நிற்கின்றன.