கொலுசு ஆர்டருக்கு வெள்ளி விலையைக் கட்டிவைப்பது எப்படி?

சேலம் சிவதாபுரத்தில் எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை. கணக்கு என் பொறுப்பு. வியாபாரி இன்றைய வெள்ளி விலையை வைத்து ஆர்டர் கொடுப்பார். கொலுசு கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் வெள்ளி ஏறினால் கூலி மொத்தமும் அதிலேயே போய்விடும். அன்றே வெள்ளிக் கட்டியை வாங்கிப்போடப் பணம் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். இல்லாதவர்களுக்குத்தான் எம்சிஎக்ஸ்: வெள்ளி போன்ற சரக்குகளைப் பின்னால் ஒரு தேதியில் வாங்க, விற்க இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடும் சந்தை.

முதலில் ஒப்பந்த விவரத்தைப் படியுங்கள். அது நாம் பேரம் பேசி மாற்றக்கூடியது அல்ல. எல்லோருக்கும் ஒரே வாசகம். 999 தர வெள்ளி, ஜிஎஸ்டி சேராத அகமதாபாத் விலை. அதனால் நாம் வெள்ளி வாங்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை விலையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துவராது. ஏற்ற இறக்கம்தான் ஏறக்குறைய ஒன்றாகப் போகும், நமக்கு அது போதும்.

அப்புறம் ஓர் ஒப்பந்தத்தின் அளவு. சில்வர் 30 கிலோ, சில்வர் மினி 5 கிலோ, சில்வர் மைக்ரோ 1 கிலோ. மூன்றுக்குமே கிலோ விலையைத்தான் காட்டுவார்கள் என்பதால் திரையில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான்கு மைக்ரோ என்று நினைத்து ஒருமுறை நான்கு மினி வாங்கிவிட்டேன். 20 கிலோ! அன்று கிலோவுக்கு 900 ரூபாய் இறங்கியது. 3,600 போகவேண்டிய இடத்தில் 18,000 போனது, அதுவும் அன்று ராத்திரியே. தினமும் கணக்குத் தீர்ப்பார்கள். ஆகவே மார்ஜினுக்கு (ஒப்பந்தத்துக்காகப் பிடித்துவைக்கும் முன்பணம்) மேலேயும் கொஞ்சம் பணம் கணக்கில் இருக்கட்டும்.

எத்தனை வாங்குவது? 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி) கொலுசு 5 கிலோ என்றால் அதில் சுத்த வெள்ளி 4 கிலோதான். ஆர்டர் எடுத்த அன்றே நான்கு மைக்ரோ வாங்குங்கள். கடையில் 4 கிலோ கட்டி வாங்கும் நாளில் நான்கையும் விற்றுவிடுங்கள். கிலோவுக்கு 2,000 ஏறியிருந்தால் கடையில் 8,000 கூடுதலாகக் கொடுப்பீர்கள், ஒப்பந்தத்தில் ஏறக்குறைய அதே 8,000 வந்திருக்கும். இறங்கினால் ஒப்பந்தத்தில் நஷ்டம், கட்டி மலிவு. என் வீட்டுக்காரர் நஷ்டத்தை மட்டும் பார்த்து இன்றும் புலம்புவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஒப்பந்தம் முடியும் கடைசி நாட்கள்வரை வைத்திருக்காதீர்கள். மார்ஜின் ஏறும், டெலிவரி எடுக்கும்படியும் ஆகலாம்.

சரி, கரண்ட் பில்? அந்த விலையை இப்படி முன்கூட்டியே பிடித்துவைக்க முடியாது. 2025 ஜூலையில் எம்சிஎக்ஸ் மின்சாரத்துக்கும் ஒப்பந்தம் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் ஓர் ஒப்பந்தத்தின் அளவே (லாட்) 50,000 யூனிட். அது ஓடுவதும் மின்சாரச் சந்தை விலையை ஒட்டி. நம் பட்டறைக் கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 செப்டம்பரில் பெரிய ஏற்றம், அதற்கப்புறம் விலைவாசியை ஒட்டி ஜூலைக்கு ஜூலை, 2024-இல் 4.83 சதவீதம். நாள் முன்கூட்டியே தெரிவதால், ஜூன் மாத ஆர்டருக்குக் கூலி சொல்லும்போதே அதைச் சேர்த்துவிடுகிறேன். வியாபாரி முனகுவார், கொடுத்துவிடுவார்.