பிரெஞ்சு இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்: படிப்படியாக ஒரு செய்முறை

பிரெஞ்சு வகுப்புகளில் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவுக்கு, அதாவது விருப்பம், தேவை போன்றவற்றைச் சொல்லும் வாக்கியங்களில் வரும் சப்ஜங்க்டிவ் என்ற வினை வடிவத்தின் இறந்தகாலத்துக்கு வரும்போது, "இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் இது அடிக்கடி எதிர்ப்படும். இன்றைய தரமான கட்டுரைகளிலும் அங்கங்கே தலைகாட்டும். தெரியாதவருக்கு அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். அதனால் பேசுவதற்காக அல்ல, வாசிப்பதற்காக இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பயப்படவும் வேண்டாம்: இதற்கு ஒரே ஒரு விதி, அதை எல்லா வினைகளுக்கும் பயன்படுத்தலாம்.

தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஒலியைத் தமிழில் தருகிறேன். எழுத்துக்கூட்டலை எழுத்தின் பெயரால் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் நீங்களே பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாருங்கள். இந்த வடிவத்தில் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் இரண்டு சொற்கள் எழுத்தில்தான் பிரியும். கை எழுதினால்தான் கண் பிடிக்கும். நிகழ்கால சப்ஜங்க்டிவ் ("இல் ஃபோ கெ..." என்று தொடங்கும் வாக்கியங்கள்) உங்களுக்கு ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: "த்யு" வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

அடிப்படையாக வேண்டியது பாஸே சேம்ப்ள் என்ற எழுத்துவழக்கு இறந்தகாலம். அதில் "நீ" என்பதற்குரிய த்யு வடிவம் மட்டும் போதும். உலகத்தில் எந்தப் பிரெஞ்சு வினையானாலும் அந்த வடிவம் நான்கில் ஒரு விதமாகத்தான் முடியும்.

ஈ-ஆர் என்று முடியும் வினைகளில் ஏ-எஸ்: பார்லே (பேசு) என்பது த்யு பார்லா. போ என்று பொருள்படும் அலே மற்ற இடங்களில் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் இங்கே சாதுவாக த்யு அலா.

ஃபினீர் (முடி) போன்றவற்றில் ஐ-எஸ்: த்யு ஃபினி. ஃபேர் (செய்), வுவார் (பார்), ப்ராந்த்ர் (எடு) ஆகியவையும் இந்தக் கூட்டம்தான்: ஃபி, வி, ப்ரி.

அவுவார் (கொண்டிரு), எத்ர் (இரு), பூவுவார் (இயலு), ஸவுவார் (அறி), தெவுவார் (கடமைப்படு), வூலுவார் (விரும்பு) போன்ற அன்றாட வினைகளில் யு-எஸ்: யு, ஃப்யு, ப்யு, ஸ்யு, த்யு, வூல்யு.

கடைசியாக வெனீர் (வா), தெனீர் (பிடி), அவற்றின் கிளை வினைகள். இவற்றில் ஐ-என்-எஸ்: த்யு வேன், த்யு தேன். மூக்கொலியோடு சொல்ல வேண்டும்.

நான்கிலும் கடைசி எழுத்து எஸ் என்பதைக் கவனித்தீர்களா? உச்சரிக்கப்படாத அந்த எஸ்தான் அடுத்த படிக்குக் கைப்பிடி.

படி 2: ஒட்டுங்கள்

த்யு வடிவத்தை அப்படியே எழுதி, பின்னால் இவற்றைச் சேருங்கள்:

நான் (ஜெ): எஸ்-ஈ
நீ (த்யு): எஸ்-ஈ-எஸ்
நாம் (நூ): எஸ்-ஐ-ஓ-என்-எஸ்
நீங்கள் (வூ): எஸ்-ஐ-ஈ-இஸட்
அவர்கள் (இல், எல்): எஸ்-ஈ-என்-டி

பார்லே வினையில் வருவது (முன்னால் நிற்கும் கெ என்பது நம் "என்று" போன்ற இணைப்புச் சொல்; கெ, இல் சேர்ந்தால் கில்): கெ ஜெ பார்லாஸ், கெ த்யு பார்லாஸ், கெ நூ பார்லாஸியோன், கெ வூ பார்லாஸியே, கில் பார்லாஸ். எல்லாவற்றிலும் இரட்டை எஸ் வந்துவிட்டது பாருங்கள். வாய்விட்டுச் சொன்னால் பார்லாஸியோன் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அப்படியே. அவர்கள் மொழியில் "ஆஸே" என்று முடியும் பல வினைகள் இழிவுப் பொருள் தருபவை. அந்த வாடை இந்த வடிவங்களிலும் ஒட்டிக்கொண்டதும் இவை பேச்சிலிருந்து விலகியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

படி 3: "அவன், அவள்" வடிவம்

மேலே வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டேன். படர்க்கை ஒருமைக்கு எஸ் சேர்ப்பதில்லை. மாறாக, த்யு வடிவத்தின் கடைசி எஸ்ஸை நீக்குங்கள், அதற்கு முந்தைய உயிரெழுத்தின் தலையில் தொப்பிக் குறி (சிர்கோன்ஃப்ளெக்ஸ்) வையுங்கள், முடிவில் டி எழுதுங்கள். கில் பார்லா: ஏ மீது தொப்பி, பிறகு டி. கில் ஃபினி: ஐ மீது தொப்பி, டி. கில் ஃப்யு: யு மீது தொப்பி, டி. வெனீரில் தொப்பி ஐ மீது ஏறும், என் அப்படியே நிற்கும், பிறகு டி: கில் வேன்.

நேரம் குறைவு என்றால் இந்த ஒரு வடிவத்தை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். புத்தகங்களில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இதைத்தான், அதிலும் எத்ர், அவுவார் இரண்டின் வடிவங்களை.

தொப்பி ஏன்? பழைய பிரெஞ்சில் அந்த இடத்தில் ஒரு எஸ் எழுதப்பட்டது. உச்சரிப்பில் அது மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி இப்படிப்பட்ட பல எஸ்களை நீக்கியது; தொப்பி அந்த இடத்தைப் பிடித்தது. மற்ற ஐந்து வடிவங்களில் வெளிப்படையாக நிற்கும் எஸ்ஸின் எச்சம் இது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு ஆகியவற்றின் மேலிருந்த பல தொப்பிகளை விட்டுவிடலாம் என்றது. ஆனால் இந்த வடிவத்தில் கை வைக்கவில்லை. காரணம் தெளிவு: தொப்பி போனால் பாஸே சேம்ப்ளின் "இல் ஃப்யு"வுக்கும் இதற்கும் வேறுபாடே இருக்காது.

வெறு என்று பொருள்படும் ஆஈர் வினையில் ஐ மீது ஏற்கெனவே இரட்டைப் புள்ளி உட்கார்ந்திருப்பதால் தொப்பிக்கு இடமில்லை, புள்ளிகளே நிற்கும்.

படி 4: எப்போது பயன்படுத்துவது

"அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்", "அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்" என்ற இரண்டு தமிழ் வாக்கியங்களிலும் "வர வேண்டும்" அசையாமல் நிற்கிறது. பழைய பிரெஞ்சு மரபில் அப்படி நிற்காது. தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால் சார்பு வாக்கியத்தின் சப்ஜங்க்டிவும் கூடவே போக வேண்டும். நம் மொழி இதை உணர்த்தாது என்பதால், தலைமை வினை எந்தக் காலம் என்று முதலில் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இல் ஃபோ கில் வியென்: அவன் வர வேண்டும். நிகழ்காலம், நிகழ்கால சப்ஜங்க்டிவ்.
இல் ஃபாலே கில் வேன்: அவன் வர வேண்டியிருந்தது. இறந்தகாலம், நம் தொப்பி வடிவம்.

தலைமை வினை கண்டிஷனலில் ("விரும்புவேன், ஆனால்..." போன்ற நிபந்தனை வடிவத்தில்) இருந்தாலும் இதே விதிதான். சப்ஜங்க்டிவைக் கேட்கும் இணைப்புச் சொற்களுக்குப் பின்னும் இப்படியே: "பியேன் கில் ஃப்யு மலாத், இல் ஸோர்த்தி", அதாவது நோயுற்றிருந்தும் அவன் வெளியே சென்றான். "எல் ஃபெர்மா லா போர்த் அவான் கில் பார்லா", அவன் பேசுமுன் அவள் கதவைச் சாத்தினாள்.

சார்பு வாக்கியத்தின் செயல் அதற்கும் முன்பே முடிந்திருந்தால், எத்ர் அல்லது அவுவாரின் இதே வடிவத்தோடு பார்ட்டிசிப்பிளை (செயல் முடிந்ததைக் காட்டும் வினை வடிவத்தை) சேர்க்க வேண்டும்: "எல் ரெக்ரெத்தே கில் ஃப்யு பார்த்தி", அவன் போய்விட்டதை நினைத்து அவள் வருந்தினாள். இதற்குப் ப்ளூபெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் என்று பெயர்.

இன்றைய பேச்சில் இந்த இடங்களில் நிகழ்கால சப்ஜங்க்டிவே வரும்: இல் ஃபாலே கில் வியென். அது பிழையல்ல. கண்டிஷனலுக்குப் பின் அதை ஏற்கலாம் என்று 1901ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணையே சொல்லிவிட்டது. 1976இல் வந்த ஆணை இறந்தகால வினைக்குப் பின்னும் ஏற்றது. ஆகவே உரையாடலிலோ கடிதத்திலோ நீங்கள் தொப்பி வடிவத்தைத் தேடிப் பிடித்துப் போட வேண்டியதில்லை.

ஃபினீர் போன்ற வினைகளில் ஒரு சௌகரியம் உண்டு. நிகழ்கால சப்ஜங்க்டிவும் இதுவும் ஐந்து இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. படர்க்கை ஒருமையில் மட்டும் நிகழ்காலம் கில் ஃபினிஸ், இது கில் ஃபினி.

படி 5: இன்றும் உயிரோடிருக்கும் தொடர்கள்

சில தொடர்கள் உறைந்துபோய் இன்றும் புழங்குகின்றன. "நெ ஃப்யுஸ் கெ" என்றால் "குறைந்தபட்சம் இதற்காகவாவது". வினையை முன்னால் போட்டு "ஃப்யுத்தில்" என்றால் "அவன் அப்படியே இருந்தாலும்". இங்கே டி ஒலிக்கும். "த்யுஸேஜ்" என்று தன்மையில் தொடங்கினால் "எனக்கு அப்படி நேர்ந்தாலும்". "ப்ல்யு தோ ஸியெல்" என்பது "அப்படி நடந்திருக்கக் கூடாதா" என்ற ஏக்கம்.

இன்னொன்றையும் அடையாளம் காண வேண்டும். "இல் யு ஃபால்யு" என்று யு மீது தொப்பியோடு பார்த்தால், அது "வேண்டியிருந்திருக்கும்" என்ற கண்டிஷனல் பொருள். வடிவம் சப்ஜங்க்டிவ், வேலை வேறு.

பிரெஞ்சுக்காரர்களே தடுக்கி விழும் இடம் "அப்ரே கெ" (பிறகு). அதற்குப் பின் சப்ஜங்க்டிவ் வரக் கூடாது என்பது இலக்கண விதி. நடந்து முடிந்ததைத்தான் அது சொல்கிறது. "அவான் கெ" (முன்பு) சப்ஜங்க்டிவ் கேட்பதால் இதிலும் தொப்பி போட்டுவிடுகிறார்கள். நீங்கள் "அப்ரே கில் யு" எழுதும்போது தொப்பி வேண்டாம்.

பயிற்சி

ஷாந்தே (பாடு), ஷுவாஸீர் (தேர்ந்தெடு), தெனீர், வூலுவார் ஆகிய நான்குக்கும் படர்க்கை ஒருமையை எழுதுங்கள். பிறகு "இல் ஃபோ கெல் ஷாந்த்" (அவள் பாட வேண்டும்) என்பதை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். முடிவில், "கான் தில் யு ஃபினி" (அவன் முடித்தபோது), "பியேன் கில் யு ஃபினி" (அவன் முடித்திருந்தும்) என்ற இரண்டில் எந்த யு தொப்பி போடும் என்று சொல்லுங்கள்.

விடை: ஷாந்தா (ஏ மீது தொப்பி, டி), ஷுவாஸி (ஐ மீது தொப்பி, டி), தேன் (ஐ மீது தொப்பி, என், டி), வூல்யு (கடைசி யு மீது தொப்பி, டி). மாற்றிய வாக்கியம்: இல் ஃபாலே கெல் ஷாந்தா. தொப்பி இரண்டாவதுக்கு மட்டும், ஏனென்றால் பியேன் கெ சப்ஜங்க்டிவைக் கேட்கும், கான் கேட்காது.