வாழ்த்து அட்டைக்குச் சரி, ஆல்பத்துக்குத் தவறு: காகிதக் கைவேலையில் தவிர்க்க வேண்டியவை

கையால் வாழ்த்து அட்டை செய்யப் பழகிவிட்டால் ஆல்பமும் செய்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதே டிசைன் பேப்பர், அதே கத்தரிக்கோல், அதே பசை, அளவு மட்டும் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதானே என்று. அக்கா மகளின் முதல் பிறந்தநாளுக்கு அப்படி ஆசை ஆசையாக ஒரு ஆல்பம் செய்து கொடுத்தேன். நாலு வருஷம் கழித்து அக்கா வீட்டில் அதைத் திறந்தால், பக்கமெல்லாம் அலை அலையாக நெளிந்து, செலோடேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பேறி, படத்தில் குழந்தையின் கன்னத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய முத்து அழுத்திய பள்ளம். அன்றைக்குத்தான் உறைத்தது. வாழ்த்து அட்டை ஒரு வாரம் மேஜைமேல் நின்றால் அதன் வேலை முடிந்தது. ஆல்பம் அந்தக் குழந்தை வளர்ந்து தன் பிள்ளைக்குக் காட்டும்வரை இருக்கவேண்டும். நாம் செய்யும் பெரிய தவறுகளில் பாதி, அட்டைக்குப் பழகிய கையை அப்படியே ஆல்பத்தில் வைப்பதால் வருவதுதான்.

முதலில் அட்டையை முடித்துவிடுவோம், அது எளிது. பலர் சறுக்குவது பேப்பரின் கனத்தில். பிரிண்டருக்குப் போடும் ஏ4 தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை. அதை மடித்து நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் குனிந்துவிடும். சாதா சார்ட் பேப்பரும் பெரும்பாலும் நிற்காது. அடித்தளத்துக்கு 220 முதல் 300 ஜிஎஸ்எம் வரை எடுங்கள். மேலே ஒட்டும் டிசைன் பேப்பர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, அது சட்டை மாதிரி, உள்ளே உடம்பு உறுதியாக இருந்தால் போதும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய்வரலாம், கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் பேப்பர் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு, தாளைத் தொட்டு வளைத்துப் பார்த்து வாங்க முடியும். ஆன்லைனில் என்றால், ஜிஎஸ்எம் எண் போடாத பாக்கெட்டை நான் வாங்குவதே இல்லை.

கனமான தாள் வாங்கியாயிற்று, மடித்ததும் நடுவில் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. இதற்குத் தாளைத் திட்டிப் பயனில்லை, மடித்த திசைதான் தவறு. மெஷினில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். செய்தித்தாளைக் கிழித்தால் மேலிருந்து கீழே நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும், கவனித்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதே நார் ஓட்டம். நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் நார்கள் ஒடியும். எந்தத் திசை என்று தெரிய தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், அப்புறம் அகலவாக்கில். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்தப் பக்கமே மடியுங்கள். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுக்கவேண்டும். கோடு இழுத்த பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் வரவேண்டும், பின்னால் எழும்பிய மேடு மடிப்புக்குள்ளே போகவேண்டும். பலரும் தலைகீழாக, பள்ளத்துக்குள்ளேயே மடிக்கிறார்கள். பிறகு நகத்தால் தேய்க்காமல், மேலே ஒரு தாளை வைத்து ஸ்பூனின் பின்புறத்தால் தேய்த்தால் பளபளப்புக் கறை விழாது.

கையால் செய்த காகிதம் வேறு ஜாதி. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது, அந்த மாதிரித் தாளை ஒருமுறை தடவிப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். இதில் நார் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும், அதனால் எந்தத் திசையில் மடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதைக் கத்தியால் வெட்டி இதன் பிசிறான ஓரத்தைக் கெடுக்காதீர்கள். வேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து, நனைந்த பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்தால் பஞ்சு மாதிரி ஓரம் வரும். பூவிதழ் பதித்த தாளில் இங்க் பேனாவால் எழுதினால் சில சமயம் மை பரவிவிடும், ஒரு மூலையில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பசைதான் அதிகம் பேரை அழவைப்பது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் பட்டதும் நார்கள் பருக்கும், பருக்கும்போது நீளத்தைவிட அகலத்தில் அதிகம் பருக்கும், காயும்போது ஒரே சீராகச் சுருங்காது, அதனால்தான் அந்த அலை. நிறைய ஊற்றினால் நன்றாக ஒட்டும் என்பது தவறான நினைப்பு. ஒரு துளியை எடுத்துப் பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிய படலமாக இழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டி, பட்டர் பேப்பர் போட்டு, தடிமனான புத்தகங்களை மேலே அடுக்கி ஒரு இரவு விட்டுவிடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் டபுள் சைடு டேப், அதில் தண்ணீரே இல்லை. பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் ஹாட் க்ளூ கன் பற்றி ஒன்று: நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அட்டையை வைத்துவிட்டுப் போனால் அந்தப் பசை இளகி, ஒட்டியதெல்லாம் நகர்ந்து நிற்கும். எனக்கு நடந்திருக்கிறது.

டிசைன் விஷயத்தில் நீட்டி முழக்கத் தேவையில்லை. பட்டுப்புடவைக்கு பூப்போட்ட ரவிக்கை, அதற்கு மேலே கட்டம்போட்ட துப்பட்டா என்று யாராவது உடுத்துவார்களா? பெரிய டிசைன் ஒன்று, பொடி டிசைன் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஒரு வெற்றுநிறம், இது போதும். வாங்கிவைத்த பேப்பரையெல்லாம் ஒரே அட்டையில் காட்டும் ஆசையை அடக்கவேண்டும். உள்ளே எழுத இடம் விடுங்கள், கருநீலத் தாளை உள்ளே ஒட்டிவிட்டு எதால் எழுதுவது என்று கடைசி நேரத்தில் தேடாதீர்கள். உறையை முதலில் வாங்கிவிட்டு அட்டையை வெட்டுங்கள், மறுபடி சொல்கிறேன், உறை முதலில். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 105 க்கு 148 மில்லிமீட்டர் வரும், அது 114 க்கு 162 அளவுள்ள சி6 உறையில் சுகமாக நுழையும். முத்தும் கல்லும் ஒட்டிய அட்டையைத் தபாலில் போடாமல் கையில் கொடுங்கள்.

இனி ஆல்பம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது? மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் அதில் மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும், அமிலமும் சுரக்கும், அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் படத்துக்கும் பரவும். மலிவான அட்டையிலும் பல கிஃப்ட் ராப்பரிலும் இதே கதைதான். வாழ்த்து அட்டைக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆல்பத்துக்கு உயிர்ப்பிரச்சினை. பாக்கெட்டில் ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ என்று இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் போடாத தாள் கையில் இருந்தால், ஒரு துண்டின் பாதியைக் கனமான அட்டையால் மூடி மொட்டைமாடி வெயிலில் பத்து நாள் வையுங்கள், மூடாத பாதி பழுப்பேறினால் அதைப் படத்துக்குப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பேப்பரில் வந்த செய்தியை ஆல்பத்தில் வைக்க ஆசையென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். கல்யாணப் பத்திரிகையையும் அப்படியே ஒட்டாதீர்கள். அதன் நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் எதிர்ப்பக்கத்துப் படத்தில் இறங்கும், ஆகவே தனி உறைக்குள் போட்டு வையுங்கள். முடியிறக்கிய முடி, காய்ந்த மாலைப் பூ எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

படத்தைப் பசைபோட்டு ஒட்டாதீர்கள். எந்தப் பசையும் வேண்டாம். படத்தின் நாலு மூலையையும் பிடிக்கும் காகித மூலைகள் போதும், பழைய கறுப்பு வெள்ளை ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டிலேயே செய்யலாம். ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு எடுத்து, மேலே உள்ள இரண்டு மூலைகளையும் கீழ்விளிம்பின் நடுவுக்கு மடித்தால் முக்கோணம் வரும், மடித்த பக்கத்தை ஆல்பத்தில் ஒட்டி அதன் பைக்குள் படத்தின் மூலையைச் செருகவேண்டும், அவ்வளவுதான். இந்தத் துண்டும் ஆசிட் ஃப்ரீ தாளாக இருக்கட்டும். படம் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும், பின்னால் எழுதியதைப் படிக்கலாம், ஸ்கேன் எடுக்கலாம். செலோடேப் வேண்டவே வேண்டாம். வாஷி டேப் என்ற டிசைன் போட்ட காகித டேப் அழகுக்குச் சரி, படத்தைத் தாங்க அல்ல. மெல்ல ஒட்டி மெல்லப் பிரிவதற்காகச் செய்த டேப் அது. (அந்த டேப்பை எம்டி என்ற பெயரில் பிரபலமாக்கிய ஜப்பானின் கமோய் நிறுவனம் 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.) மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவது சிக்கனம்தான், ஆனால் வெள்ளிமீன் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது சாப்பாடு. பூச்சி வராமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், அதில் இருக்கும் செம்பு காலப்போக்கில் காகிதத்தையே அரிக்கும்.

படத்தை வட்டமாக, இதயவடிவில் வெட்டுவது வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவ் தொலைந்த ஒற்றைப் பிரதியென்றால் கத்தரியைத் தூர வையுங்கள், பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். இன்றைக்கு நமக்குக் குப்பையாகத் தெரியும் பின்னணிதான் முப்பது வருஷம் கழித்துப் பேசவைக்கும். தாத்தாவின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிப்போட்ட ஒரு படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் சாய்ந்து நின்றது சைக்கிளா, கடை வாசலா என்று இப்போது சொல்ல யாரும் இல்லை.

எழுதாமல் விடுவதும் அதேபோல. இருபது பக்கம் அலங்காரம் செய்துவிட்டு ஒரு பெயர்கூட எழுதாத ஆல்பங்களை எத்தனை பார்த்திருக்கிறேன்! "இது யாரு?" என்று கேட்டால் "அவங்க உங்க பெரியப்பா வீட்டு சொந்தம்" என்பதோடு நிற்கும். பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, பெயர், உறவுமுறை, ஊர், வருஷம் நாலையும் எழுதிவிடுங்கள். உறவுமுறை முக்கியம், "சித்தி" என்று மட்டும் எழுதினால் யாருக்குச் சித்தி என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. பக்கத்தில் எழுத பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் கொண்ட மை உள்ள பேனா வாங்குங்கள், ஸ்கெட்ச் பேனா வெளிறிவிடும், பல ஜெல் பேனாக்களின் எழுத்தை ஈரக்கை தொட்டால் தீர்ந்தது. படத்தின் பின்னால் பால்பாயின்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும், மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பின்புறம் வழவழப்பாக இருக்கும் படம் பென்சிலைப் பிடிக்காது, அதற்கு ஆல்பப் பக்கம்தான் இடம்.

பக்கங்கள் பருத்து ஆல்பம் வாயைப் பிளந்து நிற்பதற்குக் காரணம், முதுகுப் பக்கத்தில் இடம் விடாதது. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே முதுகோரம் ஒரு விரல் அகல அட்டைப் பட்டை வைத்துக் கட்டினால் உள்ளே ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும். முத்து, கல், பொத்தான் எல்லாம் மேலட்டையோடு நிற்கட்டும். ஆல்பத்தில் வைக்கும் உறைக்கு பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், புது மழைக்கோட்டு மாதிரி வாடை வந்தால் பெரும்பாலும் அதுதான், பாலிப்ராப்பிலீன் நல்லது. முடித்த ஆல்பத்தைப் பரணில் போடாதீர்கள், அங்கே வெயில் காலத்தில் சூடு, மழைக்காலத்தில் ஈரம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டும் வேண்டாம். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டில் படுக்கவைத்து, வருஷத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் புரட்டுங்கள், காற்றும் படும், பூச்சியும் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் படலமும் வைத்த எண்பதுகளின் ஆல்பம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அம்மாவின் கல்யாண ஆல்பம் அதுதான். பசை பழுத்து, படங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கையால் பிய்த்து எடுப்பது பெரிய தவறு, படத்தின் முகம் உரிந்துவரும். முதலில் எல்லாப் பக்கத்தையும் இருந்த இடத்திலேயே போனில் படமெடுத்தேன். பிறகு பல் இடுக்கு சுத்தம்செய்யும் நூலை ஒரு மூலையில் செருகி, ரம்பம் அறுப்பது மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்து, ஒரு படத்துக்குக் கால்மணி நேரம் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். முப்பத்தாறில் முப்பத்தைந்து வந்துவிட்டன. மாலை மாற்றும் படம் மட்டும் வரவில்லை, அதை இழுக்காமல், சுற்றிலும் பக்கத்தை வெட்டி, பின்னட்டையோடு சேர்த்து அப்படியே புது ஆல்பத்தில் நாலு மூலை போட்டு வைத்திருக்கிறேன்.