இம்ப்ரிகேஷன்: சாபமா, வசையா?

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்தவர்களின் பிரதிகளைத் திருத்துவது சில ஆண்டுகளாக என் வேலை. போன வாரம் ஒரே நாளில் வந்த இரண்டு பிரதிகளில் 'இம்ப்ரிகேஷன்' (imprecation) என்ற ஆங்கிலச் சொல் 'கெட்ட வார்த்தை' ஆகியிருந்தது. நான் செய்த அதே தவறு. அதை 'இம்ப்ளிகேஷன்' என்று படித்துவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் அவை தீரும்.

சாபத்தை வசையாக்குவது

நான் மொழிபெயர்த்த முதல் நாவலில் ஒரு கிழவி வருவாள். தன்னை விரட்டிய மருமகன் மேல் வாசலில் நின்று இம்ப்ரிகேஷன்களைப் பொழிவாள். அகராதியில் 'கர்ஸ்' என்று போட்டிருந்தது. திட்டுவதுதானே என்று எண்ணி, 'வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளால் ஏசினாள்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். நூறு பக்கம் தள்ளி அந்த வீடு எரிகிறது. கிழவி சொன்னது பலித்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. கெட்ட வார்த்தை எப்படி ஐயா பலிக்கும்? பைண்டிங்குக்குப் போகும் முன் பதிப்பாளர் கண்ணில் பட்டது. பதினாறு பக்க ஃபாரத்தை மறுபடி அச்சிட்டார்கள். காகிதச் செலவை என் ஊதியத்தில் கழித்தார்கள். அன்று அவர் எனக்குச் சொன்னவை சந்தேகமில்லாமல் வசை.

லத்தீனில் 'ப்ரிகாரி' என்றால் வேண்டுதல். பிரார்த்திப்பதைக் குறிக்கும் 'ப்ரே'யும் அந்த வேரில் பிறந்ததுதான். ஒருவர் மேல் தீங்கு வந்து விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதே இம்ப்ரிகேஷன். பைபிளின் 109ஆம் சங்கீதம், எதிரியின் நாட்கள் குறைய வேண்டும், அவன் பிள்ளைகள் தகப்பனற்றவர்களாக வேண்டும் என்று கேட்கிறது. இத்தகைய பாடல்களை ஆங்கிலத்தில் 'இம்ப்ரிகேட்டரி சாம்ஸ்' என்பார்கள். அதில் ஒரு கெட்ட வார்த்தையைக் காட்டுங்கள் பார்ப்போம். 'நாசமாய்ப் போக' என்று மண்ணை வாரித் தூற்றும் நம் ஊர்ப் பெண்மணிக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். திட்டுவதென்றால் ஆள் எதிரில் இருக்க வேண்டும். சபிப்பதற்கு அவன் ஊரில்கூட இருக்க வேண்டியதில்லை.

வசையைச் சாபமாக்குவது

சூடுபட்ட பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கண்ட இடத்திலெல்லாம் சாபம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள், அச்சேற்றத் தகாத சொற்களைப் பெரும்பாலும் 'இம்ப்ரிகேஷன்' என்ற சொல்லால் நாசூக்காக மூடிவிடும். காலில் சுத்தியலைப் போட்டுக்கொண்ட மாலுமி யாரையும் சபிப்பதில்லை. 'டேம்' என்ற வசைகூட ஒரு காலத்தில் 'நரகத்துக்குப் போ' என்ற அசல் சாபம்தான். வாய்க்கு வாய் தேய்ந்து இப்படியாயிற்று. ஆகவே, யார் மேல், என்ன தீங்கு என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் சாபம். கிடைக்காவிட்டால் வசை. சொல்லுக்குப் பின்னால் 'அப்பான்' (upon, அதாவது 'மேல்') வந்தால் பெரும்பாலும் சாபமாகவே இருக்கும்.

'ஸ்வேர்' எல்லாம் சத்தியமல்ல

'ஸ்வோர் அட் ஹிம்' என்றால் அவனைத் திட்டினான். அவ்வளவுதான்.

மாலிடிக்ஷன்

ஆசியைக் குறிக்கும் பெனிடிக்ஷனுக்கு எதிர்ச்சொல். சாபம் என்றே எழுதுங்கள்.

பேச்சில் பயன்படுத்துவது

வேண்டாம். பஸ் கண்டக்டர் திட்டியதைச் சொல்ல 'இம்ப்ரிகேஷன்' என்ற சொல்லை எடுத்தால், கேட்பவர் கண்டக்டரை மறந்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.