சிங்க்திங்கில் ஃபைல் வந்து சேரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

தக்கலை வீட்டில் என் உபுண்டு லேப்டாப், மார்த்தாண்டத்தில் அண்ணன் நடத்தும் தேன் கடையில் ஒரு பழைய டெபியன் டெஸ்க்டாப், இரண்டிலும் லினக்ஸ்தான். கடைக் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நேரடியாகப் போய்வர சிங்க்திங் என்ற ஃபைல் சிங்க் புரோகிராமைப் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில்தான் பெரும்பாலும் அண்ணனிடமிருந்து போன் வரும்: "மக்கா, நேத்து கணக்கு ஒண்ணும் இங்க வரல்லையே." அப்போது நான் பார்க்கும் வரிசையைத்தான் எழுதுகிறேன். அவசரப்பட்டு எதையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

முதலில், இரண்டு பக்கமும் சிங்க்திங் ஓடுகிறதா? பிரவுசரில் 127.0.0.1:8384 என்று அடித்தால் அதன் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் புரோகிராமே ஓடவில்லை. யூசர் சர்வீஸாக (ஒரு யூசரின் பெயரில் பின்னணியில் ஓடும்படி) வைத்திருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆனாலும் யாராவது லாகின் செய்யும்வரை அது தொடங்காது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் அந்த யூசருக்கு 'லிங்கர்' ஆன் செய்துவிட்டால் பூட் ஆனதுமே ஓடும். எங்கள் தொல்லையில் பாதி இதோடு தீர்ந்தது.

ஓடுகிறது, ஆனால் எதிர் மெஷின் 'டிஸ்கனெக்டட்' என்று காட்டுகிறதா? ஒவ்வொரு மெஷினின் டிவைஸ் ஐடியையும் (சிங்க்திங் அதற்குத் தரும் அடையாளக் குறி) எதிர் மெஷினில் சேர்த்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது. அப்புறம் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க் வழியே வருவதைத் தடுக்கும் காவல். 22000 போர்ட்டை டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறங்கள். ஒரே வைஃபையில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க 21027 யூடிபியும் வேண்டும். 8384 செட்டிங்ஸ் பக்கம், அதை வெளியே திறந்துவிடாதீர்கள். 'ரிலே' என்று வந்தால் பயப்பட வேண்டாம், நடுவில் ஒரு சர்வர் வழியாக என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, வேகம்தான் குறையும்.

கனெக்ஷன் சரி, ஃபோல்டரில் மட்டும் சிவப்பு எழுத்தில் 'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்' என்று வருகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும். சிங்க்திங் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் 'எஸ்டிஃபோல்டர்' என்ற அடையாளத்தை வைக்கும். அது இல்லை என்றால் ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்கே மவுண்ட் ஆகாமல் (சிஸ்டத்தோடு இணையாமல்) இருக்கலாம். ஒருமுறை கரண்ட் வந்த பிறகு கடையின் வெளி ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. நான் அதைப் பார்க்காமல், காலியாக இருந்த இடத்தில் அந்த அடையாளத்தைக் கையால் உருவாக்கினேன். எல்லா ஃபைலையும் நாங்களே அழித்துவிட்டோம் என்று சிங்க்திங் எடுத்துக்கொண்டு, என் லேப்டாப்பிலும் அழிக்கத் தொடங்கியது. லேப்டாப்பில் 'ஃபைல் வெர்ஷனிங்' ஆன் செய்திருந்ததால் மூன்று மாதக் கணக்கு திரும்பக் கிடைத்தது. ஆகவே முதலில் டிஸ்க்கை மவுண்ட் செய்து, உள்ளே ஃபைல்கள் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். வெர்ஷனிங்கை இரண்டு மெஷினிலும் ஆன் செய்யுங்கள், ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மாற்றங்களுக்குத்தான் அது பழைய பிரதியை வைக்கும். நீங்கள் உங்கள் மெஷினிலேயே அழித்ததற்கு வைக்காது.

மாற்றங்கள் ரொம்பத் தாமதமாக வந்தால் ஐநோட்டிஃபை (ஃபைல் மாறியதை உடனே தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) கண்காணிக்கும் எண்ணிக்கையின் வரம்பு நிரம்பியிருக்கலாம். வழக்கமாக 204800 வரை உயர்த்தினால் போதும்.

பெயரில் 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்று ஒரு ஃபைல் கிடந்தால், இருவரும் ஒரே ஃபைலைத் தனித்தனியே திருத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் திறந்து வரி வரியாக ஒப்பிட்டு, விடுபட்டதை அசல் ஃபைலில் சேர்த்த பிறகு அந்த கான்ஃப்ளிக்ட் ஃபைலை அழியுங்கள்.