லினக்ஸில் பென்ட்ரைவ் கழற்ற ஒரு சின்னக் கருவி: ஆரம்பநிலையாளருக்கான செய்முறை

திருகோணமலையில் எந்தப் போட்டோகொப்பி கடையிலும் ஸ்டூடியோவிலும் கணினி படும் பாடு இதுதான்: மூதூர் மாணவரின் பென்ட்ரைவ், நிலாவெளிக் கல்யாணப் படங்கள் உள்ள மெமரி கார்ட், யாரோ ஒருவரின் வெளி வன்தட்டு என்று மாறி மாறிச் செருகுவார்கள், இழுப்பார்கள். அந்தக் கணினி லினக்ஸில் ஓடினால், கடைக்காரருக்குத் தெரியவேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். இதை இப்போது கழற்றலாமா? அதைச் சரியாகச் சொல்லும் கருவி ஒன்றைப் பைத்தனில் வடிவமைப்போம்.

படி 1: என்ன செருகியிருக்கிறது?

கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்தால் வட்டுகளும் அவற்றின் பகுதிகளும் வரும். அதையே ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் கேளுங்கள். பைத்தன் நேரடியாகப் படித்துக்கொள்ளும். பெயர், லேபல், அளவு, யூயூஐடி (UUID, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தனி அடையாளம்), ஹொட்பிளக் (ஓடும்போதே செருகிக் கழற்றக்கூடியதா), மவுண்ட்பொயின்ட் (அது இணைந்திருக்கும் கோப்புறை) ஆகிய நிரல்கள், அதாவது பட்டியலின் பத்திகள் (columns), போதும்.

ஆர்எம் (RM) என்றொரு நிரலும் உண்டு. கழற்றக்கூடியதா என்று அதைப் பார்த்து முடிவெடுக்கத் தோன்றும், ஆனால் அதை நம்பவேண்டாம். பென்ட்ரைவுக்கு அது 1 என்று காட்டும். யூஎஸ்பி வன்தட்டுக்குப் பெரும்பாலும் 0 தான் வரும். ஹொட்பிளக் நிரல் இரண்டையும் பிடித்துவிடும். இன்னொன்று: இன்று எஸ்டிபி (sdb) என்ற பெயரில் வந்த பென்ட்ரைவ் நாளை எஸ்டிசி (sdc) என்று வரலாம். அதனால் அடிக்கடி வரும் சாதனங்களை நினைவில் வைக்க யூயூஐடியைச் சேமியுங்கள்.

படி 2: இணைத்தல்

ரூட் (கணினியில் முழு அதிகாரமும் உள்ள பயனர்) அனுமதியோடு, வட்டை இணைக்கும் மவுண்ட் (mount) கட்டளையைப் போடாதீர்கள். ஃபாட்32 (FAT32) கோப்பு முறையில் உள்ள பென்ட்ரைவை அப்படி இணைத்தால் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், சாதாரணப் பயனர் எதையும் எழுத முடியாது. யூடிஸ்க்ஸ் என்ற சேவை இந்த வேலையைப் பயனரின் பெயரிலேயே செய்து தருகிறது. அதற்கான கட்டளை யூடிஸ்க்ஸ்சிடிஎல் (udisksctl). வெளிக் கட்டளைகளை ஓடவிடும் பைத்தனின் சப்புரோசெஸ் (subprocess) வழியாக அழைத்தால் சரி.

படி 3: கழற்றுதல்

கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் தரவு இன்னும் ராமில் இருக்கலாம். லினக்ஸ் அதை அங்கே வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகத்தான் வட்டில் எழுதும். அந்த நேரத்தில் இழுத்தால் போவது ஒருவரின் கல்யாணப் படங்கள்.

ஆகவே கழற்று பொத்தானை அழுத்தியதும் முதலில் இணைப்பை விடுவிக்கும் அன்மவுண்ட் (unmount) கட்டளை போகட்டும். மிச்சத் தரவு முழுவதும் எழுதப்படும்வரை அது திரும்பி வராது. மெதுவான பென்ட்ரைவ் என்றால் நிமிடக்கணக்கும் ஆகலாம். அதுவரை ‘எழுதிக்கொண்டிருக்கிறது, இழுக்கவேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள். வெறுமனே சுழலும் வட்டம் வேண்டாம், அதைப் பார்த்தால் ‘கணினி தொங்கிவிட்டது’ என்று இழுத்துவிடுவார்கள். ஒரே வட்டில் பல பகுதிகள் இருந்தால் எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்த பிறகே ‘இழுக்கலாம்’ என்று பச்சை நிறத்தில் காட்டுங்கள்.

அப்புறம் சாதனத்தின் மின்சாரத்தை நிறுத்தும் பவர்ஓஃப் (power-off) கட்டளை. வெளி வன்தட்டுக்கு இது நல்லது, மின்சாரம் நிற்கும் முன் உள்ளே சுழல்வது ஒழுங்காக நின்றுவிடும். கார்ட் ரீடருக்கு இதைக் கொடுத்தால் ரீடரே அணைந்துவிடலாம், அடுத்த கார்டுக்கு வயரைக் கழற்றி மாட்டவேண்டிவரும். ஸ்டூடியோவுக்குச் செய்கிறீர்கள் என்றால் கார்ட் ரீடருக்கு அன்மவுண்டோடு நிறுத்துங்கள்.

படி 4: ‘பிஸி’ என்று வந்தால்

அன்மவுண்ட் செய்யும்போது இப்படி வந்தால் ஏதோ ஒரு கோப்பு திறந்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளைக்கு மவுண்ட்பொயின்டைக் கொடுத்தால் எந்தச் செயலி என்று சொல்லும். அந்தப் பெயரைப் பயனருக்குக் காட்டுங்கள்: ‘லிப்ரேஓபிஸில் ஒரு கோப்பு திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.’ கட்டாயமாக விடுவிக்கும் பொத்தான் வைக்கவே வேண்டாம்.

படி 5: தானாகப் புதுப்பித்தல்

சாதனங்களின் மாற்றங்களைச் சொல்லும் யூடிஸ்க்ஸ்சிடிஎல் மொனிட்டரைப் (udisksctl monitor) பின்னணியில் ஓடவிட்டு, புது வரி வரும்போதெல்லாம் படி 1இன் பட்டியலை மறுபடி எடுங்கள். பொத்தான்களுக்கு ஆரம்பத்தில், சின்னச் சாளரங்களைக் காட்டும் செனிட்டி (zenity) போதும். இவ்வளவும் ஓடத் தொடங்கியதும், பழைய பென்ட்ரைவ் ஒன்றில் பெரிய வீடியோவைக் கொப்பி செய்து, முடிந்த கையோடு கழற்று பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.