ஸ்பிளெண்டரிலிருந்து கிளாசிக் 350-க்கு மாறுகிறீர்களா?

ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது. நிற்கப்போகும் கடைசி சில அடிகளில்தான் பலர் வண்டியைக் கீழே போடுகிறார்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி, வண்டி திரும்பிய பக்கமே சாயும். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் காலால் தாங்க முடியாது. எனவே ஹேண்டிலை நேராக்கிய பிறகே நில்லுங்கள்; மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக் மட்டும்.

காலி மைதானத்தில் தினமும் 15 நிமிடம் போதும். முதல் கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து, கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி நடை வேகத்தில் ஓட்டுங்கள். இது கைவந்ததும் யூ-டர்ன். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்தைப் பார்த்தால் தடுமாறும். திருப்பத்தின் நடுவே கிளட்சை முழுதாகப் பிடிக்காதீர்கள். இழுவை போனதும் வண்டி உள்பக்கம் விழும்.

கியரில் கூடுதல் கவனம் தேவை. ஸ்பிளெண்டரில் எல்லா கியரும் கியர் லீவரின் முன்பக்கத்தை மிதித்தே ஏறும். கிளாசிக்கில் முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. பழைய பழக்கத்தில் வேகமாகப் போகும்போது முன்பக்கம் மிதித்தால் கியர் இறங்கி, பின் சக்கரம் இழுபட்டு வழுக்கலாம். கால் பழகும் வரை நெரிசல் சாலையும் வேண்டாம், பின்னால் ஆளும் வேண்டாம்.

தள்ளும்போது இடப்பக்கம் நின்று, சீட்டை இடுப்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.